பிற (குறிப்பிடவும்)

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து
ஓசூர் விடுதி நான்காம் மாடியில்
ஈரத் தலையோடு போர்வைக்குள் புகுந்தால்
கோட்டைக்குள் விடாமல் கம்பெனி கேட்கிறது:
ஆறு வருடமாக
இந்த கேமை ஏன் விட்டுப் போகவில்லை?
ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.
கிராபிக்ஸ். புதிய வரைபடங்கள்.
பரிசுப் பெட்டி. தரவரிசை.
கடைசியில், சாம்பல் நிறத்தில்,
பிற.

கிராபிக்ஸா?
என் போனில் மலை ஒரு பச்சைக் கட்டி.
டிராகனுக்குப் பாதி வால்தான் வரும்,
மீதி வருவதற்குள் நான் செத்திருப்பேன்.

புது வரைபடம் வந்தது, போன தையில்.
பனிக்காடு. எல்லோரும் ஓடினோம்.
பதினேழு நாளில் கடைசிக் கல்லையும் புரட்டியாயிற்று.
இப்போது அங்கே யாருமில்லை,
பனி மட்டும் கடமைக்குப் பெய்துகொண்டிருக்கிறது.

பரிசுப் பெட்டிப் பேச்சே வேண்டாம்.
காசுக்கு வாள் விற்ற அந்த மூன்று மாதம்
எவனோ ஒருவன், அப்பா கார்டில் வாங்கிய வாளோடு
பிறக்கும் வாசலிலேயே நின்று
வருகிறவனையெல்லாம் வெட்டினான்.
வெட்டுப்பட்டவர்கள் திரும்பவில்லை.
அப்புறம் வெட்ட ஆளில்லாமல்
அவனும் போனான்.

எங்கள் கூட்டம் ஒன்பது பேர்.
திம்மராஜ் ராயக்கோட்டை மண்டியில் கணக்கெழுதுகிறவன்:
தக்காளி கிலோ எட்டு ரூபாய் என்றால் இரவெல்லாம் இருப்பான்,
எண்பது என்றால் ஒரு மாதம் காணோம்.
சகாயமேரி பாகலூர் ரோஜாக் குடிலில்.
பிப்ரவரியில் அவளைக் கூப்பிடக் கூடாது.
நவாஸ் தொப்பூர் கணவாய் இறங்கி லாரியை ஓரங்கட்டி
பிரேக் சூடு ஆறும்வரை வில்லெடுப்பான்.
ஒருவரையொருவர் பார்த்ததில்லை.
மூன்று மொழியில் திட்டிக்கொள்வோம்,
அதில் தெலுங்குதான் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

ஒருமுறை புது விதி போட்டார்கள்:
தினமும் வரவேண்டும், ஒரு நாள் தவறினால்
சேர்த்த நாளெல்லாம் பூஜ்யம்.
விரல் வைக்கிற மெஷின் ஒன்று
எனக்கு ஏற்கெனவே கேட்டில் இருக்கிறது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள்
டபுள் ஷிஃப்ட். மறுநாளும்.
பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தவள்
அப்புறம் திறக்கவே இல்லை.

நாற்பது நாள்.

இந்த கேமில் நீ போனாலும் உடம்பு போகாது,
விட்ட இடத்தில் படுத்துக் கிடக்கும்.
நான் கிடந்தது கிழக்கு மதிலோரம், வெட்டவெளி.
போனில் இடம் போதவில்லை என்று
எதையெதையோ அழித்துக்கொண்டு வந்தபோது
இதையும் அழிக்குமுன் ஒருமுறை திறந்தேன்.
அங்கே மழை.
என் மேல் மட்டும் பெய்யவில்லை.

நான்கு கால், தகரக் கூரை.
அறுபது பலகை, பன்னிரண்டு தகடு ஆகும் அதற்கு,
ஒரு தகடுக்கு ஓர் இரவு சுரங்கம் தோண்டவேண்டும்.
யார் போட்டது என்று கேட்டேன்.
"எழுந்துட்டியா? வடக்கு கேட்டைப் பிடி,
ஓநாய் வருது" என்றான் திம்மராஜ்.
அன்று ராயக்கோட்டையில் தக்காளி
எண்பத்திரண்டு ரூபாய்.

அந்த விதியைக் கம்பெனியே பிறகு எடுத்துவிட்டது.
எங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை,
ஆள் குறைந்ததால்.

பிற என்பதைத் தொட்டேன்.
நாற்பது எழுத்துக்குள் குறிப்பிடவும் என்றது.
தகரம் என்று அடித்தேன்.
எந்த மேசையில் யார் இதைப் படித்து
எந்தக் கட்டத்தில் போடுவார்களோ.

கோட்டை திறந்தது.
பிறக்கும் வாசலில் ஒரு புது ஆள்,
சுவரில் முட்டியபடி நடந்துகொண்டே இருக்கிறது,
திரும்பத் தெரியவில்லை.
என் கேடயத்தைக் கழற்றிப் போட்டேன்.
எடுக்கவும் தெரியவில்லை.
மணி ஒன்று பத்து. சகாயமேரி அங்கிருந்து கத்துகிறாள்,
சீக்கிரம் வா என்று.
"எந்த ஊரு?" என்று கேட்டேன்.
வெகுநேரம் கழித்து வந்தது:
"பர்கூர். நீங்க கம்ப்யூட்டரா, ஆளா?"

ஆளுதான்.
முதல்ல வலது பக்கம் திரும்பு.